நான் போகாத சைகோன்

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆன சமயத்தில் நான் எட்டு மாசம் சைகோனில் இருந்தேன். புதுச்சேரியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். என் மாமியார் சொல்வார், என் வீட்டுக்காரர் சொல்வார், பால் ஊற்றுகிறவர்கூடச் சொல்வார். உண்மையில் அந்த எட்டு மாசமும் நான் மெட்ராஸில், மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

இதைக் கேட்கிறவர்களுக்கு என் மாமியாரைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மனசுக்குள் வருஷக்கணக்கில் திட்டியும் இருக்கிறேன், சலிக்காமல். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவர் அப்படியொன்றும் சிரமப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது சைகோனில் இருந்தார்கள், இல்லாவிட்டால் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தரை நாலு நாள் தெருவில் காணவில்லையென்றால், "இன்னா, சைகோனா?" என்று ஜனங்களே எடுத்துக் கொடுப்பார்கள். நாம் தலையை ஆட்டினால் போதும்.

என் மாமியார் தலையை ஆட்டியதோடு நிற்கவில்லை. எனக்கு அங்கே பிள்ளை இல்லாத தாய்மாமன் ஒருவர் இருக்கிறார், சாகக் கிடக்கிறார், நொத்தேர் முன்னால் நானே போய்க் கையெழுத்துப் போட்டால்தான் சொத்து எழுதிவைக்க முடியும் என்று கடுதாசி வந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டார். நொத்தேர் என்றால் பத்திரம் எழுதுகிற பிரெஞ்சு அதிகாரி. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. இரண்டு மாசக் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒருத்தி கப்பலேறுவாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். முதல் பிரசவம், பெண் குழந்தை. இருபதாம் நாளோடு எனக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரி பகல் பார்க்காமல் பேசினேன். பிறகு பேச்சும் நின்றது. பாலில் என்னமோ கலக்கிறார் என்று பால் ஊற்றுகிறவரைச் சொம்பால் அடிக்கப் போனேன். பாவம் அந்த மனுஷர், அதற்குப் பிறகும் நான் சைகோன் போனதாகவே நம்பினார். அப்புறம் ஒரு நாள் மத்தியானம், குழந்தையைக் கிணற்றுச் சுவரின் மேல் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஓடிவந்து குழந்தையை எடுத்தவர் என் மாமியார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

என்னை வீட்டிலிருந்து கிளப்பியதும் அதே பொய்தான். "சைகோன்ல உங்க மாமா கூப்பிடறாரு, கெளம்பு" என்று புதுப்புடவை கட்டி, தலைவாரி, திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் சமர்த்தாக ஏறினேன். முதல் இரண்டு மாசம் அந்த ஆஸ்பத்திரிதான் சைகோன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டுக்கு வருகிற டாக்டரை நொத்தேர் என்று நினைத்து, எங்கே கையெழுத்துப் போடணும் என்று தினமும் கேட்பேன். அவரும் நல்ல மனுஷர், "நாளைக்குப் போட்டுக்கலாம்மா" என்பார். ஆக, தெருவுக்காகக் கட்டின கதையை முழுசாக நம்பிய முதல் ஆள் நான்தான்.

மருந்தும் தூக்கமும் சேரச் சேர மெல்லத் தெளிந்தது. திரும்பி வந்தபோது குழந்தைக்குப் பத்து மாசம். அதற்குப் பேச்சு வந்ததும் என் மாமியாரை அம்மா என்று கூப்பிட்டது. தெருவே என்னைச் சைகோன்காரி என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "சைகோன்" என்றது. வந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

பெயர் என்னமோ ஆகட்டும். என் குழந்தையை என்னிடம் தனியாக விடமாட்டார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் தூக்கினால் என் மாமியாரும் கூடவே எழுந்திருப்பார். நான் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அவரும் உட்காருவார். குழந்தை என் மடியில் ஒரு சிணுங்கு சிணுங்கினால் போதும், அடுப்பில் இருப்பது இருந்தபடி கிடக்க, ஈரக்கையோடு ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். குளிப்பாட்டுவது அவர், சோறு ஊட்டுவது அவர், தூங்க வைப்பது அவர். நான் கிணற்றங்கரைக்குத் தண்ணீர் இறைக்கப் போனால் குழந்தையை வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், எனக்கும் வாய் உண்டு.

ஆனால் எதை வைத்துக் கேட்பது? "அத்தை, எனக்குத்தான் நல்லாயிடுச்சே" என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்குப்படி எனக்கு ஒன்றுமே வரவில்லை. நான் சைகோனுக்குப் போனேன், கையெழுத்துப் போட்டேன், வந்தேன். வராத வியாதி எப்படிக் குணமாகும்? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு புய்ரோவில், அதாவது சர்க்கார் ஆபீஸில், பாதி பிரெஞ்சிலும் பாதி இங்கிலீஷிலும் காகிதம் எழுதுகிற உத்தியோகத்தில் இருந்தவர், இரண்டு பக்கமும் கோணாமல் பேசிப் பழகியவர். "அம்மா பயப்படறாங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். கொஞ்ச நாள் இரண்டு வருஷம் போயிற்று.

இதற்கு நடுவில் தெருப் பெண்களுக்கு நான் சைகோன் கதை சொல்ல வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து உட்காருவார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற முறத்தோடு ஒருத்தி, கொட்டை எடுக்கப் புளியோடு ஒருத்தி. "சொல்லுடி, சைகோன்ல இன்னா பண்ணுவாங்க?" எனக்குத் தெரிந்த சைகோன் ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னேன்.

நான் தங்கின வீட்டில் ஒரு மதாம், எந்நேரமும் காலில் வெள்ளை ஜோடு, காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள் என்று சொன்னேன். எதுக்கு என்று கேட்டார்கள். புகையிலை அடக்கியிருக்கோமான்னு பார்க்க என்றேன். உண்மையில் மாத்திரையை முழுங்கினோமா என்று பார்ப்பாள், நர்ஸ். வெக்கைக்காக நாற்பது பெண்கள் ஒரே ஹாலில் படுப்போம் என்றேன். பக்கத்தில் கவர்னர் பெண்சாதி ஒருத்தி, தினமும் அவளுக்கு வணக்கம் சொன்னால்தான் சாப்பிட விடுவாள் என்றேன். அவளும் நிஜம்தான், என் அடுத்த கட்டில், செங்கல்பட்டுப் பக்கத்து ஊர், தன்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்தவள். தலையின் இரண்டு பக்கமும் எதையோ வைத்து அமுக்கினால் அப்படியே தூங்கிப்போவோம், எழுந்தால் தலை காலியாக இருக்கும் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "முடிய சுருட்டறதா?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். உண்மையில் அது கரண்ட் ஷாக். தினமும் சாம்பார் தண்ணியாக இருக்கும் என்றதற்கு மட்டும் மடக்கினார்கள். சைகோனில் ஏது சாம்பார்? நம்ம ஜனங்க அங்கே நிறைய பேர் இருக்காங்க என்று சமாளித்தேன்.

அவர்களுக்கு அந்த வெள்ளை ஜோட்டு மதாமை ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரி தூக்கம் வராதவர்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள் என்று சொன்ன அன்றைக்கு, புளி உடைத்துக்கொண்டிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பயம் ஒரே ஒருத்தரிடம்தான். எதிர்வீட்டு மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனில் வந்தவர். நிஜ சைகோனில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஒரு நாள் மீசையைத் தடவிக்கொண்டே எங்கள் வாசலில் நின்று, "அங்க மழை எப்பம்மா பெய்யும்?" என்று கேட்டார். முற்றமே என்னைப் பார்த்தது.

"மழைக்காலத்துல மாமா" என்றேன்.

அவர் மறுபடி மீசையைத் தடவிக்கொண்டார். "கரெக்டா சொல்றே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாமாவுக்கு ஒரே பெண். தட்டாஞ்சாவடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது, தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். ஒரு மாசம் ஆனதும் அந்த வீட்டுக் கதவு பகலிலும் சாத்திக் கிடந்தது. பொண்ணுக்குக் காமாலை என்றார்கள். காமாலைக்காரி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இது எம்புள்ள இல்ல, மாத்திட்டாங்க, மாத்திட்டாங்க" என்று சொல்லமாட்டாள். எங்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்தப் போகும்போது எனக்கு அது கேட்கும். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கையில் இருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றுவிடுவேன். எனக்கென்ன என்று கீழே இறங்கி வந்தேன், ஒரு நாள் இல்லை, பத்து நாள். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பதினோராம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் முற்றத்துக்கு வந்தார். புருஷரை மாமா என்றாலும் அவரை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். பாதி ஆளாகியிருந்தார். வழக்கமான பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். என் மாமியாரைத் துணைக்குக் கூப்பிட வந்திருந்தார். "காத்து சேட்டைன்னு சொல்றாங்கக்கா. தெக்க ஒரு ஊர்ல தூண்ல கட்டிப்போட்டு நாப்பத்தெட்டு நாள் வச்சா எறங்கிடுமாம். வெள்ளிக்கெழம போறோம். சங்கிலி நாமதான் எடுத்துனு போவணுமாம்" என்றார்.

சங்கிலி என்ற வார்த்தையோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்பார்கள். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

"பெரியம்மா, நான் சைகோனுக்குப் போகலை" என்றேன்.

"போகலைன்னா வுடு. இப்ப உன்ன யாரு போகச் சொன்னா?" என்றாள் புளிக்காரி.

"அப்பவும் போகலை. அந்த எட்டு மாசமும் மெட்ராஸ்ல மனநோய் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"ஏய், உள்ள போ" என்றார் என் மாமியார், மெதுவாகத்தான்.

நான் போகவில்லை. வெள்ளை ஜோட்டு மதாம் யார் என்று சொன்னேன். நாக்கைத் தூக்கச் சொன்னது எதற்கு, கவர்னர் பெண்சாதி யார், முடி சுருட்டின மெஷின் எது, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரை நொத்தேர் என்று நினைத்ததைச் சொன்னபோது ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க பொண்ணு சொல்றதெல்லாம் நானும் சொன்னேன் பெரியம்மா. அது காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. வியாதி. எனக்குத் தீந்துச்சு" என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கிணற்றை விட்டுவிட்டால் நான் பாவப்பட்டவள், அவ்வளவுதான். ஆனால் அதை விட்டுவிட்டுச் சொன்னால் அந்த வீட்டில் குழந்தைக்கு என்ன ஆகக்கூடும் என்று இவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமே. சொன்னேன். குழந்தையைச் சுவரின் மேல் வைத்தது, பக்கத்தில் நின்றது, என் மாமியார் ஓடிவந்து எடுத்தது. சொல்லும்போதே என் மாமியார் எழுந்து, விளையாடிக்கொண்டிருந்த என் மகளை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியம்மா என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருத்தராகப் போனார்கள். புளிக்காரி பாதி கொட்டை எடுத்த புளியை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். போச்சு, இனி குழந்தை ஜென்மத்துக்கும் நம் கைக்கு வராது என்று நினைத்தேன். கோபத்தில் பேசி எத்தனையோ கெடுத்திருக்கிறேன், ஆனால் இந்த அளவுக்குக் கெடுத்தது இல்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு பக்கமும் கோணாமல், "சொன்னது சொன்னதாச்சு. காப்பி இருக்கா?" என்றார். அதற்குள் தெருக்கோடி வரை செய்தி போயிருந்தது. மூன்று நாள் முற்றத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. எதிரே வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனார்கள். பால் ஊற்றுகிறவர் சொம்பை என் கையில் வாங்காமல், தரையில் வைக்கச் சொல்லித் தள்ளி நின்று ஊற்றினார், அவரிடம் எனக்குக் கோபமில்லை, சொம்படி அவருக்குத்தான் தெரியும். என் மாமியார் என்னோடு பேசவில்லை. குழந்தையை ஒரு நிமிஷம் இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

நான்காம் நாள், வியாழக்கிழமை, விடிந்ததும் எதிர்வீட்டு மாமாவும் பெரியம்மாவும் வந்தார்கள். வாசலில் வாடகைக் கார் நின்றது. பின்சீட்டில் அந்தப் பெண், போர்வையைப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல். தெருவில் எல்லா வாசலிலும் தலைகள்.

"மெட்ராஸுக்குப் போறோம்" என்றார் மாமா. "போனா இன்னா கேப்பாங்க, இன்னா எடுத்துனு போவணும், சொல்லு."

சொன்னேன். இரண்டு மாற்றுப்புடவை, ஒரு ஜமக்காளம், எப்போதிலிருந்து தூங்கவில்லை என்கிற விவரம். "முக்கியமா, எங்க போறோம்னு அவகிட்ட நெசத்த சொல்லிடுங்க மாமா. பொய் சொல்லி இட்டுனு போகாதீங்க" என்றேன்.

"சொல்லிட்டேன்" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "நீ சொன்னதுல ஒரு வார்த்தகூட சைகோன் இல்லம்மா. மொத நாளே தெரியும். சரி, ஏதோ கஷ்டம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

அந்தப் பெண் நாலரை மாசத்தில் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளை பெற்றாள், ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவைத்துத்தான். இப்போதும் என்னைவிடச் சத்தமாகச் சண்டை போடுவாள். ஆனால் அன்று காலையில் அது யாருக்கும் தெரியாது. பெரியம்மா கையில் அந்தக் கைக்குழந்தை இருந்தது.

"ஆஸ்பத்திரில புள்ளைய சேக்க மாட்டாங்களாம். நானும் அவகூட இருக்கணும்" என்றார். என் மாமியார் என் மகளை இறக்கிவிட்டு, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். அது இயற்கைதான், ஊரில் யாராக இருந்தாலும் அவரிடம்தான் கொடுப்பார்கள். பெரியம்மா அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"உன் கையிலதான் குடுக்கறேன்" என்றார். "கெணத்தாண்ட வரைக்கும் போயி திரும்பினவ நீ. எங்க பயப்படணும்னு உனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டேன். பெரியம்மா உடனே கையை எடுத்துவிட்டார். கார் போயிற்று.

உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். மடியில் எதிர்வீட்டுக் குழந்தை, பக்கத்தில் என் மகள். என் மாமியார் எதிரே நின்றார். நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிணற்றங்கரைக்கு ஓடிவந்த கால்கள் அவை, அவரைக் குறைசொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. கடைசியில், "இதுக்குப் பசும்பால்தான் குடுக்கணும். காய்ச்சி ஆத்தி எடுத்துனு வரேன். பாலாடைய எங்க வச்சேனோ" என்று சொல்லிக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனார். போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் பயம்தான் வந்தது, சந்தோஷம் இல்லை. கூப்பிட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் என் மகள் நெருங்கிவந்து புதுக் குழந்தையை முறைத்துப் பார்த்தாள். என் மடியில் இன்னொருத்தரைப் பார்த்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதன் காலைப் பிடித்து வசமாக ஒரு கிள்ளு கிள்ளினாள். யோசிக்காமல் அவள் முதுகில் ஒரு அடி வைத்தேன். பெற்றதிலிருந்து நான் அவளை அடித்த முதல் அடி. ஒரு நொடி திகைத்துப் பார்த்துவிட்டு, வீடே அதிரும்படி வீரிட்டு அழுதாள். அவள் அழ, மடியில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. அழுகை பின்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

சமையல்கட்டில் பாலை ஆற்றுகிற சத்தம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.